சாதா கோப்பி

எங்கள் குடும்பத்தில் ஊக்கமருந்து எடுத்துக்கொண்டு பந்தயத்தில் மெடல் வாங்கிய ஒரே ஆள் நான்தான். தண்டனை கிடைத்தது என் அக்கா மகளுக்கு.

இதை நான் சொல்லும்போது சிலர் சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷமாக நான் வாயைத் திறந்தாலே சிரிக்க வேண்டும் என்று எல்லாரையும் பழக்கி வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், ஆபீஸ் கேண்டீனில், ரயிலில். ஒரு விஷயத்தை நேராகச் சொல்வது எப்படி என்பதே மறந்துபோன பிறகுதான் எனக்கு நேராகச் சொல்ல ஒரு விஷயம் வந்து சேர்ந்தது.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கிள்ளானில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் வேலை. ரயிலில் உட்கார்ந்து போய், ஆபீஸில் உட்கார்ந்து எழுதி, ரயிலில் உட்கார்ந்து திரும்பி, வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற வாழ்க்கை. இதில் முன்னேறியது வயிறு மட்டும்தான். ஒருநாள் ரயிலில் ஒரு காலேஜ் பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள். கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கிய இருக்கை அது. நான் நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டேன். ஆபீஸ் போய் அதையே கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, பக்கத்து மேசைப் பெண்மணி மட்டும் மெதுவாக வந்தார்.

"அண்ணே, சீரியஸா ஒன்னு சொல்றேன். என் காடி பின்னால பூட்ல டயட் கோப்பி வச்சிருக்கேன். பியூர் ஹெர்பல் லா. காலையில ஒன்னு, அவ்ளோதான். என் வீட்டுக்காரர் எப்படி இருந்தாரு, இப்ப எப்படி இருக்காரு!"

அவர் வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் வாங்கினேன்.

என் மனைவிக்குத் தெரியாமல்தான் வாங்க வேண்டியிருந்தது. எனக்கு இரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கு முன்பு நான் வாங்கிவந்த வயிறு கரைக்கும் பெல்ட், தேய்த்தால் உருகும் எண்ணெய் எல்லாவற்றையும் அவள் குப்பையில் போட்டிருக்கிறாள். "இன்னொரு தடவ இந்த மாதிரி எதையாச்சும் தூக்கிக்கிட்டு வந்தீங்க, உங்களையும் சேர்த்துத்தான் போடுவேன்" என்று சொல்லியிருந்தாள். ஆகவே ஆபீஸிலேயே உட்கார்ந்து, அந்தச் சின்னச் சின்னப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, பழைய கோப்பித்தூள் போத்தல் ஒன்றில் கொட்டி நிரப்பிக்கொண்டு வந்தேன். பெட்டியையும் உறைகளையும் ஆபீஸ் குப்பைத்தொட்டியில் போட்டேன். வீட்டு அலமாரியில் அந்தப் போத்தல் மற்ற போத்தல்களோடு நல்ல பிள்ளை மாதிரி நின்றது. மனைவி கோப்பி குடிக்க மாட்டாள், தேநீர்தான். ஆக, யாருக்கும் பிரச்சினை இல்லை.

கோப்பி வேலை செய்தது. பசி போய்விட்டது. வாய் வறண்டது, தூக்கம் குறைந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. இளமை திரும்பி வருகிறது, அதுதான் இந்தச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ இறங்கியது. கேட்டவர்களிடம், "நடைதான் பாஸ். தினமும் ஒரு மணி நேரம்" என்று சொன்னேன். சொன்னதற்காகக் கொஞ்சம் நடக்கவும் நடந்தேன். எங்கள் தாமான் குடியிருப்பில் இருப்பவர்கள் வைத்த வேகநடைப் போட்டியில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் மூன்றாவதாக வந்தேன். போட்டியிட்டது ஐந்து பேர். அதில் ஒருவர் பாதியில் ரொட்டி சானாய் கடையில் ஒதுங்கிவிட்டார். இருந்தாலும் மெடல் மெடல்தானே. மைக்கையும் கையில் கொடுத்தார்கள். "கட்டுப்பாடு, உழைப்பு, குறுக்கு வழி கிடையாது" என்று பேசினேன். கைதட்டினார்கள். என் மனைவியும் கைதட்டினாள்.

அக்கா மகள் நிஜமான ஓட்டக்காரி. எண்ணூறு மீட்டர். காஜாங்கில் அவர்கள் வீடு. பன்னிரண்டு வயதிலிருந்து ஓடுகிறாள், அப்போது அவளுக்கு இருபத்திரண்டு. எண்ணூறு மீட்டரில் முதல் சுற்றை யார் வேண்டுமானாலும் ஓடலாம், இரண்டாவது சுற்றில்தான் ஆள் தெரியும் என்பாள். அந்த வருஷம் நடக்கவிருந்த ஒரு பெரிய போட்டியில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடிவிட்டால் தேசியப் பயிற்சிக் குழுவில் இடம். பத்து வருஷ ஓட்டம் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான். போட்டி நடக்கும் ஸ்டேடியம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் என்பதால், மூன்று நாள் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள்.

வாயில் எதையும் சும்மா போட மாட்டாள். இருமல் மருந்து என்றாலும் லேபிளைப் படம் எடுத்துக் கோச்சுக்கு அனுப்பி, அவர் சரி என்றால்தான் குடிப்பாள். தொண்டை கரகரக்கிறதே என்று என் மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்தபோது, "அத்தை, கோவிச்சிக்காதீங்க, இதுல என்னென்ன போட்டிருக்கீங்கன்னு எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

நான் விடுவேனா? "ரசத்துக்கும் சேர்த்து எழுதி வாங்கிக்கம்மா. உங்க அத்தை ரசத்தக் குடிச்சிட்டு எங்க பக்கத்து வீட்டு நாயே ரெண்டு நாள் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "மாமா, எங்ககூட ஜிம்முக்கு வர்றவங்க சிலரு ஊசியே போட்டுக்கறாங்க. எத்தன நாளைக்கு முன்னாடி நிறுத்தணும்னு கணக்கா தெரிஞ்சி வச்சிருக்காங்க. அவங்க மாட்ட மாட்டாங்க. ஒன்னும் தெரியாம எதையாச்சும் குடிச்சவன்தான் மாட்டுவான்."

இதை அவள் சொன்னது என் வீட்டுச் சமையலறையில். அந்தப் போத்தலுக்கு மூன்றடி தள்ளி.

போட்டியன்று காலை, மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் என் போத்தலைத் திறந்து எனக்குக் கோப்பி கலக்கினேன். அக்கா மகள் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "மாமா, எனக்கும் ஒரு கப். பால் வேணாம்" என்றாள். ஓடுவதற்கு முன் கறுப்புக் கோப்பி குடிப்பது அவள் வழக்கம். கோப்பிக்குத் தடையில்லை.

வேறு கோப்பித்தூள் வீட்டில் இல்லை. அந்த நேரத்தில் நான் மறுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். கலக்கிக் கொடுத்தேன்.

முகர்ந்து பார்த்தாள். "வாசனை வேற மாதிரி இருக்கே. என்ன கோப்பி மாமா இது? பாக்கெட் இருக்கா?"

தோசைக் கரண்டியோடு என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அவள் சும்மாதான் திரும்பினாள், இப்போது யோசித்தால் தெரிகிறது. எனக்கு அப்போது அந்தப் பார்வையில் பெல்ட்டும் எண்ணெயும் மைக்கும் மெடலும் எல்லாம் தெரிந்தன.

"பாக்கெட்லாம் இல்லம்மா. பாசார்ல அரைச்சு விக்கறது. சாதா கோப்பிதான் லா."

"நெசமா?"

"ஏன், நான் உனக்கு விஷமா குடுப்பேன்?"

நின்றபடியே குடித்தாள். "சீனி கூடிப்போச்சு" என்றாள். அவ்வளவுதான். நான் கேட்டேன், அவர் சொன்னார், குடித்தேன் என்று அவள் பிறகு எழுதிக் கொடுத்தது வரிக்கு வரி உண்மை.

அதில் மருந்து கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூலிகை என்றுதான் நம்பினேன். இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "இது ஏதோ டயட் கோப்பி, நீ குடிக்காதே" என்று சொல்ல ஏழு வார்த்தைகூட ஆகாது. மனைவி அன்றைக்குத் திட்டியிருப்பாள். மதியத்துக்குள் சரியாகியிருக்கும்.

அன்று அவள் முதலாவதாக வந்தாள். இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் முன்னால் ஓடிய இரண்டு பேரையும் தாண்டினாள். குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்துவிட்டாள். அக்கா அழுதார். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தியதில் குரல் போய்விட்டது. மெடலைக் கழுத்தில் போட்ட கையோடு ஒரு பெண் அதிகாரி வந்து அவளைச் சோதனைக்குக் கூட்டிப்போனார். சிறுநீர் கழிக்கும்போதும் கூடவே நின்று பார்ப்பார்களாம்.

"ஓடுறதுக்கு மெடலு, ஒன்னுக்குப் போறதுக்கு சாட்சியா?" என்றேன், போன குரலில். எல்லாரும் சிரித்தார்கள்.

வெளியே வந்து அவள் சொன்னாள்: "ஒரு வாரமா என்ன சாப்பிட்டேன்னு ஃபார்ம்ல எழுதச் சொன்னாங்க மாமா. வைட்டமின் எழுதுனேன். கோப்பியும் எழுதிட்டேன்."

"கோப்பியெல்லாமா எழுதுவாங்க?"

"எழுதிட்டா நிம்மதி."

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அக்கா போன் செய்தார். "தம்பி, பாப்பாவுக்கு ஒரு லெட்டர் வந்திருக்குடா. நீ கொஞ்சம் வா."

காஜாங்குக்குப் போனேன். அவள் மேசையில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அந்த வாரம் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுதியிருந்தாள். என் மனைவியின் கஷாயம், ரசம், தோசைக்குத் தொட்டுக்கொண்ட சட்னிவரை.

"என் யூரின்ல சிபுட்ராமின்னு ஒன்னு இருந்திச்சாம் மாமா. நெஞ்சுக்குக் கெடுதின்னு தடை பண்ண மருந்தாம். கோச் விசாரிச்சாரு. வயிறு குறையுற கோப்பி, ஜூஸ், அதுலதான் கள்ளத்தனமா கலப்பாங்களாம்." தன் கைகளை நீட்டிக் காட்டினாள், ஈர்க்குச்சி மாதிரிக் கைகள். "என்னைப் பாருங்க. நான் போயி டயட் கோப்பி குடிப்பேனா?"

எனக்குக் காதில் என் நெஞ்சு அடிப்பது கேட்டது. இந்த முறை இளமை என்று நினைக்கவில்லை.

அவள் பேனாவால் ஒரு வரியைத் தொட்டாள். "உங்க வீட்டுக் கோப்பிக்கு மட்டும்தான் லேபிள் இல்ல. அது நிச்சயமா சாதா கோப்பிதானே மாமா?"

அக்கா என்னைப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார். முதல் பொய்யாவது மருந்து இருப்பது தெரியாமல் சொன்னது.

"சாதா கோப்பிதாம்மா" என்றேன்.

அவள் அந்த வரியை அடித்துவிட்டாள்.

ரயிலில் திரும்பி வந்தேன். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். போத்தலில் கால்வாசி மிச்சம் இருந்தது. அதைப் பழைய பேப்பரில் சுற்றி, வெளியே குப்பைத்தொட்டியில் போட்டேன். மறுநாள் காலை குப்பை லோரி வந்தபோது ஜன்னலில் நின்று, அது ஏற்றிக்கொண்டு போகும்வரை பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு வேலையைக் கடைசிவரை நின்று பார்த்து முடித்தது அது ஒன்றுதான்.

எப்படியும் ஏதாவது வழி பிறக்கும், அவள்மீது தவறில்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் வேறு வழியில் தேட ஆரம்பித்தாள். என் கோப்பியை அடித்துவிட்டதால் மிச்சம் இருந்தது வைட்டமின் மட்டும். அதை வாங்கிக் கொடுத்தது செராஸில் அவளோடு ஒரே அறையில் தங்கிப் படித்த தோழி. அவளும் ஓட்டக்காரி. இவள் அவளைக் கேட்டாள். கேட்டது சண்டையானது. அந்தப் பெண் அழுதுகொண்டே அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாக அக்கா போனில் சொன்னார். "கூட இருந்தே செஞ்சிருக்கா பாரு தம்பி. எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போத்தல் எங்க?"

"லோரியில போட்டுட்டேன்."

மறுபடி வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். நெடுநேரம் உரித்தாள். எங்கள் இரண்டு பேருக்கு அத்தனை வெங்காயம் தேவையே இல்லை.

காஜாங்குக்கு இருவரும் போனோம். அக்கா மகள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜோக் எதுவும் சேர்க்கவில்லை. அத்தான் எழுந்து வெளியே போனார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அவள் மட்டும் என் மனைவி கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"போத்தல் எங்க மாமா?"

அதே கோப்பியைக் கேட்டுப் பக்கத்து மேசைப் பெண்மணியிடம் போனேன். "எந்தக் கோப்பி அண்ணே? அதெல்லாம் நான் எப்பவோ நிறுத்திட்டேன் லா" என்றார். காடி பூட்டைத் திறந்தே காட்டினார். ஒரு குடையும் சமையல் எண்ணெய்ப் போத்தலும் இருந்தன. கெஞ்சியதில் இரண்டு நாள் கழித்து வேறு யாரிடமிருந்தோ ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தார். கோச் அதைச் சோதனைக்கு அனுப்பினார். அதில் கோப்பியும் சீனியும் தவிர ஒன்றுமில்லை என்று வந்தது. என் பெட்டியில் மட்டும் மருந்தைக் கைநிறையப் போட்டிருக்கிறார்கள். எட்டுக் கிலோ சும்மா இறங்கவில்லை.

ஊக்கமருந்து விசாரணையில் நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு நல்ல சட்டை போட்டுவிட்டு, "தயவு செஞ்சி அங்க போயி எதையும் சிரிப்பா சொல்லிடாதீங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். சொல்லவில்லை. கிழித்த பொட்டலம், போத்தல், தோசை, லோரி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் மெடலைப் பற்றியும் சொன்னேன். ஒருவர் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

இன்னொருவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அக்கா மகள் முதலில் எழுதிக் கொடுத்தது. மாமா வீட்டில் கோப்பி குடித்தேன், என்ன கோப்பி என்று கேட்டேன், சாதா கோப்பி என்றார், பிறகு மறுபடியும் கேட்டேன், அதையே உறுதியாகச் சொன்னார். அவள் எழுத்து அழகாக இருந்தது.

"ரெண்டு தடவ ஒன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப வேற சொல்றீங்க" என்றார், அவர்களில் தமிழ்ப் பெண்ணாக இருந்தவர். "அந்தத் தூளு இருக்கா அங்கிள்? பொட்டலம்? பெட்டி? படமாச்சும்?"

"இல்லம்மா."

"நீங்க அவங்க சொந்த மாமா."

"ஆமாம்மா."

"அவங்க மேல ரொம்பப் பாசம் போல."

"பாசம் இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேம்மா."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை. மருமகளைக் காப்பாற்ற வந்து பொய் சொல்லும் ஒரு நல்ல மாமாவைப் பார்க்கிற கருணைதான் இருந்தது. என்னை நம்பினாலும், லேபிள் இல்லாத போத்தலிலிருந்து எடுத்துக் குடித்தது அவள் பொறுப்புதான் என்றார்கள். அவளிடம் எடுத்த சிறுநீரை இரண்டு போத்தலில் பூட்டி வைத்திருந்தார்கள், இரண்டையும் சோதித்துவிட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரே போத்தல்.

இரண்டு வருஷத் தடை. அவள் ஓடிய நேரம் பதிவிலிருந்து அழிக்கப்பட்டது. மெடலைத் திருப்பிக் கேட்டார்கள், அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். குழுவில் அந்த இடம் அன்றைக்கு இரண்டாவதாக வந்த பெண்ணுக்குப் போனது. செராஸ் தோழியிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள், அவள் கதவைத் திறக்கவில்லை.

இப்போது அக்கா மகளுக்குக் காஜாங்கில் ஒரு பல் கிளினிக்கில் பெயர் பதிகிற வேலை. தடை முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. ஓடுகிறாயா என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. என் மனைவி தேநீர் போட்டாள். கோப்பையோடு சேர்த்து தேயிலைப் பாக்கெட், சீனிப் பாக்கெட், பால் டின் மூன்றையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, லேபிள் அவள் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தாள். யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது எல்லாருக்கும் அப்படித்தான். முறுக்குக்கு மாவுப் பாக்கெட்டும் வந்தது.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மெடல் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது.

"எங்க மாமா அது?"

திருப்பிக் கொடுக்கப் போன கதையைச் சொன்னேன். போட்டி நடத்தியவரின் வீட்டுக்கே போய், "பாஸ், நான் மருந்து சாப்பிட்டு நடந்தேன், இது எனக்குச் சேராது, நாலாவதா வந்தவருக்குக் குடுங்க" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அங்கிள், உங்க ஜோக்குக்கு அளவே இல்ல லா" என்று சொல்லி, உள்ளே இருந்த மனைவியையும் கூப்பிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். நான் திரும்பச் சொன்னேன். அந்த அம்மாவும் சிரித்தார். நான்காவதாக வந்தவருக்கும் போன் போட்டார்கள், அவரும் சிரித்தார். மெடலை என் சட்டைப் பையிலேயே போட்டு அனுப்பிவிட்டார்கள்.

"இப்ப டிராயர்ல கெடக்குது. வாங்க மாட்றாங்கம்மா" என்றேன்.

அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"எடுத்து மாட்டுங்க மாமா. என்னோடதை வாங்கிட்டாங்க. குடும்பத்துல ஒன்னாச்சும் இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னிடம் கற்றுக்கொண்ட சிரிப்பு அது, எனக்கு நன்றாகத் தெரியும். என் மனைவி டிராயரைத் திறந்து, மெடலை எடுத்து, என் கையில் கொடுத்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.